மெடிக்கலில் நிற்பவருக்கு இதய மருந்துப் பயிற்சி: எந்த வழி தேறும்?

போன தைப்பூசத்துக்குப் பத்து நாள் முன்னால் கோபியில் இருக்கும் எங்கள் மெடிக்கலுக்கு ஒரு பெரியவர் வந்தார். மஞ்சள் காடு, கொஞ்சம் கரும்பு, கீழ்பவானி வாய்க்கால் பாசனம். பல வருஷப் பழக்கம். "ஏனுங் தம்பி, பழனிக்கு நடக்கோணும். கால் வலிக்கு ரெண்டு அட்டை குடுங்க" என்றார். கடையில் இருந்த அண்ணன் டைக்ளோஃபெனாக் ரெண்டு அட்டை எடுத்துக் கொடுத்தார். சீட்டு கேட்கவில்லை. அது ஷெட்யூல் எச் மருந்து, சீட்டில்லாமல் தரக்கூடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதே பெரியவருக்கு மாதாமாதம் எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரையும் ஃபியூரோசமைடு என்ற நீர் மாத்திரையும் எங்கள் கடையில்தான். இதயம் பலவீனம். அந்த மாதத்துக்கான பில்லை ஐந்து நாள் முன்னால் போட்டதும் அதே அண்ணன்தான். நடை தொடங்கிய மூன்றாம் நாள், தாராபுரம் தாண்டுவதற்குள் அவருக்குக் கால் வீங்கி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கியது. கூட நடந்தவர்கள் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாலு நாளில் தேறிவிட்டார். திரும்பி வந்தவர் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகன் மட்டும் வந்து, "அந்த மாத்திரை எதுக்குங் குடுத்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

நடந்தது இதுதான். வலி மாத்திரை சிறுநீரகத்துக்குள் ரத்தம் வரும் குழாயைச் சுருக்கும். எனலாப்ரில் வெளியே போகும் குழாயைத் தளர்த்தும். நீர் மாத்திரை உடம்பில் ஓடும் நீரையே குறைக்கும். தலைமதகைப் பாதி அடைத்து, கடைசி மடையை அகலத் திறந்துவிட்டு, வாய்க்காலுக்கு வரும் தண்ணீரையும் குறைத்தால் நடுவில் இருக்கும் வயல் என்ன ஆகும்? சிறுநீரகம் அந்த வயல். அதோடு வலி மாத்திரை உப்பையும் நீரையும் உடம்பிலேயே தேக்கும். பலவீனமான இதயம் அந்தச் சுமையைத் தாங்காது.

அண்ணனுக்கு இந்த மூன்று மருந்தையும் தனித்தனியாக நன்றாகத் தெரியும். மூன்றும் ஒரே மனுசன் வயிற்றில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. அவர் படித்தது 1991 விதிமுறைப்படியான டி.பார்ம் என்ற பார்மசி டிப்ளமோ. நோய்க்கு மருந்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கண்காணிப்பது என்று சொல்லும் மருந்துச் சிகிச்சையியல் டி.பார்மில் தனிப் பாடமாக வந்ததே 2020 விதிமுறையில்தான். இடையில் படித்து வெளியே வந்தவர்கள்தான் இன்று நம் ஊர்க் கடைகளில் பாதிக்கு மேல் நிற்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, பயிற்சி கொடுப்பது என்று முடிவாயிற்று. எந்தப் பயிற்சி என்பதில்தான் இரண்டு மாதம் ஓடியது. கடையில் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் மூன்று பேர்: பி.பார்ம் என்ற பார்மசிப் பட்டம் படித்த நான், பதினெட்டு வருஷ அனுபவம் உள்ள அண்ணன், பி.பார்ம் முடித்து இரண்டு வருஷமான ஒரு பெண். அவளை நாங்கள் அம்மிணி என்றே கூப்பிடுகிறோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். சட்டப்படி மருந்து கொடுக்க எப்போதும் ஒரு பார்மசிஸ்ட் கடையில் இருக்க வேண்டும். மூன்று பேர் இருப்பதால்தான் ஒருவரை வெளியே அனுப்பலாமா என்று யோசிக்கவே முடிந்தது. ஒற்றை ஆள் கடைக்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் எல்லோரும் சொன்னது பட்டம். "டி.பார்ம் படிச்சவரு பார்ம்.டி படிக்கட்டுமே" என்று என் மச்சான் சுலபமாகச் சொன்னார். எழுத்து இடம் மாறினால் படிப்பே வேறு. டி.பார்ம் இரண்டு வருஷ டிப்ளமோ, அப்புறம் 500 மணி நேரப் பயிற்சி. பார்ம்.டி 2008ல் வந்த ஆறு வருஷப் படிப்பு. டி.பார்ம் முடித்தவர் அதில் சேரலாம், ஆனால் முதல் வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும். நாற்பது தாண்டிய, இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற மனிதரிடம் ஆறு வருஷம் என்று எந்த வாயால் சொல்வது? நாலு வருஷம் கடையில் நின்ற டி.பார்ம்காரர்களுக்கென்றே இரண்டு வருஷ பி.பார்ம் பிராக்டிஸ் என்ற படிப்புக்கு 2014ல் விதிமுறை வந்தது. காகிதத்தில் அண்ணனுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. நாங்கள் விசாரித்த கல்லூரிகளில் அது நடக்கவில்லை.

அம்மிணிக்குக் கணக்கு வேறு. பி.பார்ம் முடித்தவர்களுக்குப் பார்ம்.டி மூன்று வருஷம்: இரண்டு வருஷம் வகுப்பு, ஒரு வருஷம் ஆஸ்பத்திரி இன்டர்ன்ஷிப். இதற்குத் தூரமும் போக வேண்டியதில்லை. கோவையில் பி.எஸ்.ஜி., கே.எம்.சி.எச். மாதிரி ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பார்மசி கல்லூரிகள் இருக்கின்றன. ஈரோடு, குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கமும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. மலையேறினால் ஊட்டி. இந்தியாவில் கிளினிக்கல் பார்மசி வேர்விட்ட இடங்களில் மைசூரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற ஊர் அது. பார்மசிஸ்ட் வார்டுக்குள் போய் நோயாளியின் சார்ட்டைப் பார்க்கிற பழக்கம் நமக்கு அந்த வழியாகத்தான் இறங்கி வந்தது.

பாடத்திட்டத்தைப் புரட்டும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பார்ம்.டி இன்டர்ன்ஷிப் வருஷத்தில் ஆறு மாதம் பொது மருத்துவம், மீதி ஆறு மாதத்தில் வேறு மூன்று பிரிவுகளில் இரண்டிரண்டு மாதம். இதயப் பிரிவை எடுத்தால் அதற்குக் கிடைப்பது இரண்டு மாதம். முழு டாக்டர் பட்டத்திலேயே இதய வார்டு இரண்டு மாதம்தான் என்றால், எங்களுக்கு வேண்டியது அந்த இரண்டு மாதம் மட்டும்தானே? இந்தக் கேள்விதான் பிற்பாடு முடிவைத் தீர்மானித்தது.

பட்டத்தில் இன்னொரு சிக்கல், முதலாளியின் சுயநலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் படித்து வெளியே வரும் பார்ம்.டி எதற்காகத் திரும்பி வந்து கோபியில் மெடிக்கலில் நிற்க வேண்டும்? அம்மிணியின் வாழ்க்கைக்கு அது நல்ல வழி. என் கடைக்கு அது பயிற்சி ஆகாது, வழியனுப்பு விழாதான்.

ஓட்டல் கருத்தரங்குகளை ஒரே வரியில் தள்ளிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை, ஏ.சி. அறை, ஒன்றரை மணி நேரப் பேச்சு, புது மருந்தின் பெயர் பதினைந்து தடவை, அப்புறம் பிரியாணி. பிரியாணி நன்றாக இருந்தது.

ஆன்லைன் சான்றிதழ் படிப்பை அப்படித் தள்ள முடியாது. அம்மிணி ஒன்றை முடித்தாள். மருந்து வேலை செய்யும் விதம், அளவு, எதனோடு எது சேரக்கூடாது என்பதெல்லாம் ஒழுங்காக அடுக்கிச் சொல்லியிருந்தார்கள். ரத்தம் கட்டாமல் இருக்கக் குளோபிடோக்ரெல் சாப்பிடுபவருக்குக் கேஸ் மாத்திரையாக ஒமேபிரசோலைத் தவிர்த்துப் பான்டோபிரசோல் பக்கம் போவது ஏன், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதிய சீட்டில் கொழுப்பு மாத்திரை அட்டார்வாஸ்டாட்டினும் இருந்தால் டாக்டரை ஏன் கூப்பிட வேண்டும் என்று அவள் படித்த வாரமே கடையில் பயன்பட்டது. செலவும் குறைவு. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம்.

குறை எங்கே என்று ஒரு நாள் கண்ணாலேயே பார்த்தேன். ஒரு அம்மா வந்து, "இந்த மாத்திரை ரொம்பச் சூடுங் கண்ணு, சித்திரை முடியட்டும்னு நிறுத்தி வெச்சிருக்கறேன்" என்றார். நிறுத்தி வைத்தது மெட்டோப்ரோலால், இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் மாத்திரை. நெஞ்சு வலி வந்தவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தினால் வலி திரும்ப வரலாம், மாரடைப்பு வரைக்கும் போகலாம். அம்மிணிக்கு இது தெரியும், தேர்வில் சரியாக எழுதியிருந்தாள். ஆனால் "சூடு" என்ற சொல்லுக்கு என்ன பதில் சொல்வது என்று பாடத்தில் இல்லை. "அப்படியெல்லாம் இல்லீங்க" என்றாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே மோருக்கு உப்பு வாங்கப் போய்விட்டார். இங்கிலீஷ் பாடத்தில் உப்பு என்றால் டப்பாவில் வரும் சூப். நம் ஊரில் உப்பு ஊறுகாயிலும் கருவாட்டிலும் அப்பளத்திலும் அந்த மோரிலும் இருக்கிறது. அண்ணனுக்கோ இங்கிலீஷ் வீடியோ பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடினால் கண் சொருகும். தமிழில் இதே தரத்தில் ஒரு பாடம் இருந்தால் என் முடிவு மாறியிருக்கலாம்.

மிச்சம் இரண்டு வழி: ஆஸ்பத்திரி வார்டில் போய் நின்று பார்ப்பது, கடையிலேயே நாங்களாகப் படிப்பது. முதலில் இரண்டாவதைத்தான் தொடங்கினோம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம் என்பதால்.

புதன்கிழமை மதியம் இரண்டரை மணிக்குக் கடை காற்று வாங்கும். அந்த ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஒரு அட்டை. மேசை மேல் ஒரு மருந்தை வைப்போம், அதை யார் யார் வாங்குகிறார்கள், வாங்கும்போது கூடவே வேறென்ன வாங்குகிறார்கள் என்று பில்லிங் சாஃப்ட்வேரில் தேடுவோம். முதல் வாரம் எனலாப்ரில், ராமிப்ரில். இந்த வகை சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்கும், அது பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்து விஷயம். எங்கள் பில்லில் அந்த மாத்திரையையும் இருமல் டானிக்கையும் மாதாமாதம் சேர்த்து வாங்கும் ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவருக்கு ஒரு வருஷமாக விற்றிருக்கிறோம். டானிக் பிராண்டை மட்டும் மூன்று தடவை மாற்றிக் கொடுத்திருக்கிறோம், அவ்வளவு அக்கறை!

இரண்டாவது வாரம் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை. கணுக்கால் வீக்கம் அதன் பக்க விளைவு. வீக்கத்துக்கு இன்னொரு டாக்டரிடம் போய் நீர் மாத்திரை எழுதி வாங்கி, அதில் சோர்ந்துபோய், சோர்வுக்குச் சத்து மாத்திரை வாங்குகிறவர் ஒருவர் அகப்பட்டார். ஒரு மாத்திரை மூன்றாகிவிட்டது. இன்னொரு விஷயமும் அன்றைக்கே வெளியே வந்தது. 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதே ஆள் வருஷத்துக்கு ஒருமுறை மகன் கூட்டிப்போகும் கோவை டாக்டரிடமும் சீட்டு வாங்கி வைத்திருப்பார். அரசு அட்டையிலும் அம்லோடிபின், எங்கள் கடை பிராண்டிலும் அம்லோடிபின். நிறம் வேறு, பெயர் வேறு, இரண்டையும் போடுகிறார். இதை எங்கள் பில் காட்டாது. "வீட்டில இருக்கற எல்லா அட்டையும் ஒரு பையில போட்டுக் கொண்டாங்க" என்று கேட்டால்தான் தெரியும்.

இந்த முறையின் பலம் இதுதான்: பாடமும் ஆளும் ஒரே இடத்தில். அடுத்த மாதம் அதே ஆள் திரும்ப வருவார், சொன்னது ஏறியதா என்று பார்க்கலாம். எந்தக் கல்லூரியும் இதைத் தர முடியாது. பலவீனம் என்னவென்றால், வாத்தியார் நான். எனக்குத் தப்பாகத் தெரிந்தது எல்லோருக்கும் தப்பாகத் தெரியும்.

அது சீக்கிரமே நிரூபணம் ஆனது. செயற்கை வால்வு வைத்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ அசெனோகுமரோலோ சாப்பிடுகிறவர்கள், எங்கள் பக்கம் சிலர் இருக்கிறார்கள். இவர்களிடம் "கீரையே தொடாதீங்க" என்று பல வருஷமாகச் சொல்லி வந்தவன் நான். கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும் என்பது சரிதான். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு கிளினிக்கல் பார்மசிஸ்ட் என்னிடம் கேட்டார்: "முருங்கைக்கீரை வீட்டுக் கொல்லையில இருக்கறவங்க எத்தன நாளைக்கு விடுவாங்க? நீங்க விடச் சொல்லி டோஸ் ஒரு அளவுல நின்ன பிறகு, ஒரு வாரம் ஆசைக்குச் சாப்பிட்டா ஐ.என்.ஆர். என்ன ஆகும்?" ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பரிசோதனை அளவுதான் ஐ.என்.ஆர். வழக்கமாகச் சாப்பிடும் அளவை மாற்றாமல் சாப்பிடச் சொல்வதுதான் முறையாம். டோஸை அதற்கேற்ப டாக்டர் வைத்துக்கொள்வார். பாட்டி காலத்துக் கீரைக் கடைசலை எத்தனை வீட்டில் நான் நிறுத்தியிருக்கிறேனோ.

அந்த ஆஸ்பத்திரி வாசல் திறந்ததும் சும்மா இல்லை. பார்மசி பிராக்டிஸ் துறைக்குக் கடிதம், ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் அனுமதி, நோயாளி விவரம் எதையும் வெளியே பேசமாட்டேன் என்று எழுதிக்கொடுத்த உறுதி. முதலில் கேட்ட ஒரு இடத்தில் பதிலே வரவில்லை. இரண்டாவது இடத்தில், "கடைக்காரருக்கு வார்டில் என்ன வேலை?" என்றார்கள். மூன்றாவதில் ஒப்புக்கொண்டார்கள்: வாரம் ஒரு நாள், காலை எட்டு முதல் பதினொன்றரை, பன்னிரண்டு வாரம், ஓரமாக நின்று பார்க்க மட்டும். சான்றிதழ் கிடையாது. அண்ணன் போனார்.

முதல் நாள் திரும்பி வந்து அவர் சொன்னது மருந்தைப் பற்றியே இல்லை. "காலைல எந்திரிச்சதும் ஒவ்வொருத்தரையும் எடை பாக்கறாங்க. எடைய வெச்சுத்தான் நீர் மாத்திரை அளவே." இதயம் பலவீனமானவருக்கு இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சோறு போட்ட எடை இல்லை, உடம்பில் தேங்கும் நீர். மூச்சு வாங்குவதற்கு முன்பே தராசு சொல்லிவிடும். அடுத்த வாரமே கடைக்கு ஒரு எடை மெஷின் வந்தது. பழனிப் பெரியவர்தான் முதலில் ஏறினார். அவர் மாத்திரை நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு எடை எழுதுவது இப்போது அவருடைய பேத்தியின் வேலை.

மருந்துச் சீட்டில் வராத இன்னொன்றையும் அண்ணன் வார்டில்தான் கற்றார், எப்படிக் கேட்பது என்பதை. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் வாங்குகிறவர் சில்டெனாஃபில் மாதிரி ஆண்மை மாத்திரையும் எடுத்தால் பிரஷர் அதலபாதாளத்துக்குப் போகும். இது பாடம். நம் ஊரில், பக்கத்தில் சம்பந்தி நிற்கும்போது இதை யார் கேட்பது? ஒரு இளம் டாக்டர் ஒவ்வொரு ஆணிடமும் ஒரே குரலில், பட்டியல் படிப்பது மாதிரி, "சளி மாத்திரை, வலி மாத்திரை, ஆண்மை மாத்திரை, நாட்டு மருந்து, ஏதாச்சும் எடுக்கறீங்களா?" என்று கேட்பாராம். நாலில் ஒன்றாகக் கேட்டால் கூச்சம் பாதி குறைகிறது. அண்ணன் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அம்மிணி கேட்பதற்குக் கடையின் ஓரத்தில் ஒரு ஸ்டூலும் தட்டியும் போட்டோம்.

வார்டின் குறையும் சொல்ல வேண்டும். அங்கே படுத்திருப்பவருக்கு நர்ஸ் மாத்திரை கொடுக்கிறார், சோறு அளந்து வருகிறது. வீட்டில் அம்மாயி விழுங்க முடியாமல் மெட்டோப்ரோலால் எக்ஸ்.எல். மாத்திரையை இடித்துத் தேனில் குழைப்பதை வார்டு பார்க்காது. மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். அதைக் கடைதான் பிடிக்கும். அரை நாள் ஆள் இல்லாததும், பஸ் செலவும், பன்னிரண்டு வாரத்தில் இரண்டு வாரம் வீணாய்ப் போனதும் கணக்கில் சேர்த்தி.

வெளிநாட்டில் பார்மசிஸ்ட் பயிற்சி பெற்றால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் 52 சலூன்களில், பிரஷர் கட்டுப்படாத 319 கறுப்பின ஆண்களை வைத்துச் செய்தது, 2018ல் வெளியானது. சிறப்புப் பயிற்சி பெற்ற பார்மசிஸ்ட் சலூனுக்கே போய் மருந்து கொடுத்த இடங்களில் ஆறு மாதத்தில் பிரஷரின் மேல் அளவு 27 புள்ளி இறங்கியது. முடி வெட்டுபவர் வாழ்க்கை முறையை மாற்றவும் டாக்டரைப் பார்க்கவும் சொல்லி மட்டும் விட்ட இடங்களில் 9 புள்ளிதான். கனடாவின் ஆல்பர்ட்டாவில் 56 மருந்துக் கடைகளில் 723 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், மூன்று மாதத்தில் இதய நோய் வாய்ப்பு 21 சதவீதம் குறைந்தது. இந்த எண்களைக் காட்டிப் பயிற்சி விற்கிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. இரண்டு இடத்திலும் பார்மசிஸ்டுக்கு மருந்தை எழுதவும் மாற்றவும் அதிகாரம் இருந்தது. நமக்கு அது இல்லை. சீட்டில் இருக்கும் பிராண்டைக் கூட டாக்டர் ஒப்புதல் இல்லாமல் மாற்றக் கூடாது. ஆக, டோஸ் கூட்டக் குறைக்கக் கற்றுத் தரும் விலை உயர்ந்த பாடம் எங்களுக்குப் பாதி வீண். கவனிப்பது, கேட்பது, டாக்டருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி அனுப்புவது, இந்த மூன்றில் கூர்மையாவதுதான் எங்கள் எல்லைக்குள் வருகிறது.

அவசரத்திலும் அப்படித்தான். 2023லிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8 என்று 14 மாத்திரை உடனே கொடுத்து மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். இதை நாமும் கடையில் செய்யலாமே என்று அம்மிணி கேட்டாள். ஈ.சி.ஜி. கிடையாது, டாக்டர் கிடையாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவரை உட்கார வைத்து 108ஐக் கூப்பிடுவதும், அவர் சாப்பிடும் மாத்திரைப் பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புவதும்தான் எங்கள் வேலை என்று வைத்துக்கொண்டோம்.

முடிவாக எங்கள் கடைக்கு நான் எடுத்தது: அண்ணனுக்கு வார்டு, மூன்று பேருக்கும் புதன்கிழமை, அடிப்படைக்கு மட்டும் ஆன்லைன். பட்டத்துக்குப் பணம் போடவில்லை. அம்மிணி தானாகவே பார்ம்.டிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். சிபாரிசுக் கடிதம் நான்தான் எழுதிக் கொடுத்தேன், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு.

நீங்கள் நூறு படுக்கை ஆஸ்பத்திரியின் உள்ளே மருந்தகம் நடத்துபவர் என்றால் என் வழியை விடுங்கள், படித்து வந்த ஒரு பார்ம்.டியை வேலைக்கு வையுங்கள். ஒற்றை ஆள் கடை என்றால் வார்டு நடக்காது. ஆன்லைனில் தொடங்கி, பக்கத்து டாக்டரிடம் வாரம் ஒரு சந்தேகம் கேட்கிற உறவை வளர்த்துக்கொள்வது தேறும். புதன்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் யாருக்கும் முடியும்.

மார்கழி பிறந்ததும் பச்சை வேட்டிகள் கடைக்கு வரத் தொடங்கிவிட்டன. டைக்ளோஃபெனாக் டப்பாவை அண்ணன் பின் அலமாரிக்கு மாற்றி, அது இருந்த இடத்தில் தன் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார்: "பழனிக்கு நடக்கிறீங்களா? முதல்ல வீட்டு மாத்திரைப் பையைக் காட்டுங்க." நேற்று ஒருவர் அதைப் படித்துவிட்டு, "பைய எடுத்துட்டு வாரனுங்" என்று போனார். இன்னும் வரவில்லை. சாயங்காலம் அண்ணன் அவர் வீட்டுக்கு போன் போட்டார்.